அச்சமும் நகையும்: பண்டிகைத் திகிற்படம் ஒன்றும் சப்பிரகமுவத் தோட்டங்களின் காமன் கூத்தும்

திகிற்படங்களை இலக்கிய விமர்சகர்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. முற்போக்கு விமர்சகர்களோ அவற்றை முதலாளித்துவச் சந்தையின் மலிவுச் சரக்கு என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவதுண்டு. ஒதுக்குவது எளிது. ஆனால் ஒரு சமூகம் எதனைக் கண்டு அஞ்சுகின்றது, அஞ்சியவாறே எதனைக் கண்டு சிரிக்கின்றது என்னும் வினா அத்துணை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மேலைத் திகிற்படங்களுள் பண்டிகையைக் களமாகக் கொண்டு எழுந்த ஒரு கிளை இவ்வகையில் நோக்கற்பாலது. 1974இல் கனடாவில் வெளிவந்த 'பிளாக் கிறிஸ்மஸ்', 1978இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஹலோவீன்' ஆகியவற்றின் பின்னர் இக்கிளை தனக்கென ஓர் இலக்கணத்தையே வகுத்துக்கொண்டது. விளக்குகளும் பரிசுப் பொதிகளும் நிறைந்த வீடு, அவ்வீட்டினுள் நுழையும் கொலை என்பதே அவ்விலக்கணம். மகிழ்ச்சி கட்டாயமாக்கப்பட்ட நாளில் மகிழ்ச்சி குலைவதைக் காண்பதில் பார்வையாளனுக்கு ஒரு கள்ள இன்பம் உண்டு.

இவ்விலக்கணத்தைத் தலைகீழாக்கிய குறும்படம் ஒன்று 2008இல் கனடாவில் வெளிவந்தது. ஜேசன் ஐஸ்னர் இயக்கிய 'ட்ரீவெஞ்' என்பது அதன் பெயர். மரங்களின் பழிவாங்கல் என்பது பொருள். ஏறத்தாழ 16 நிமிடம் ஓடும் இப்படம் கிறிஸ்மஸ் மரங்களின் கதையை அம்மரங்களின் பக்கம் நின்று சொல்கின்றது. காட்டில் குடும்பமாக நிற்கும் மரங்களிடையே கோடரியும் வாளும் ஏந்திய ஆட்கள் புகுகின்றனர். வெட்டுண்ட மரங்கள் அலறுகின்றன. அவற்றின் மொழி மனிதருக்கு விளங்காது. திரையின் அடியில் எழுத்து வடிவில் எமக்கு மட்டும் விளங்கும். கட்டி, அடுக்கி, வாகனத்தில் ஏற்றி, தரம் பிரித்து, விலை எழுதி, கடைசியில் ஒவ்வொன்றாக வீட்டினுள்ளே கொண்டுசெல்கின்றனர். அங்கே நூலும் மினுக்கமும் சுற்றப்பட்டு அவை 'அழகாக' நிற்கின்றன. கிறிஸ்மஸ் காலையில் அவை எழுந்து வீட்டாரைக் கொன்று தீர்க்கின்றன. கொலைகள் குழந்தைகளையும் விடாத கோரத்துடன் காட்டப்படுகின்றன, பார்ப்போர் சிரிக்கின்றனர்.

படத்தின் முற்பாதியே எமது நோக்கில் கனதியானது. வேரிலிருந்து பிரிக்கப்படுவோருக்கு ஒரு மொழி உண்டு, அதனைப் பிரிப்போர் கேட்பதில்லை என்பதை இத்தனை சிக்கனமாகக் காட்டிய படங்கள் சிலவே. பிற்பாதியில் படம் தன் பொருளைத் தானே கைவிடுகின்றது. அடிபட்டவன் திருப்பி அடித்தல் என்னும் ஒரே சூத்திரத்துள், இரத்தத்தின் அளவே நகைச்சுவையின் அளவாகிவிடுகின்றது. வெட்டியவன் கூலியாள், விற்றவன் வணிகன், வாங்கியது ஓர் எளிய குடும்பம். மூவரும் ஒரே தண்டனை பெறுகின்றனர். காட்டுக்கு உரிமையாளன் எவன் என்பதைப் படம் கேட்கவேயில்லை. பண்டிகையைத் தமது உடைமையாகக் கொண்டோர், அவ்வுடைமை பறிபோவதைக் கற்பனையில் கண்டு சிரிக்கும் சிரிப்பு இது. படம் முடிந்ததும் பண்டிகை அவர்களிடமே திரும்பிவிடும்.

பண்டிகையே கடனாகக் கிடைத்த மக்களிடையே அச்சமும் நகையும் எவ்வாறு கலக்கின்றன? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலும் ஏனைய மலையகத் தோட்டங்களிலும் மாசி மாதத்தில் நிகழும் காமன் கூத்தினை நோக்குதல் வேண்டும். இரண்டையும் ஒப்பிடுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். ஒன்று பதிவாகி உலகெங்கும் ஓடும் சுருள். மற்றையது ஆண்டுக்கொருமுறை ஒரு பொட்டலில் ஆடி முடியும் சடங்கு. எனினும் இரண்டும் பண்டிகை நாளில் ஒரு சாவினை நடுவே வைத்து, அதனைச் சுற்றிச் சிரிப்பினை எழுப்புவன. ஒப்பீட்டுக்கு அவ்வளவு போதும்.

கதை யாவரும் அறிந்தது. சூரனாலும் அவன் சுற்றத்தாலும் தேவர் வருந்துகின்றனர். சிவனுக்கு ஒரு மகன் பிறந்தாலன்றி அவர் துயர் தீராது. சிவனோ யோகத்தில் அமர்ந்துள்ளார். யோகத்தைக் குலைக்க மன்மதன் ஏவப்படுகின்றான். அவன் மறுக்கின்றான். மிரட்டப்பட்டுப் போகின்றான். நெற்றிக்கண் திறக்கிறது, சாம்பராகின்றான். இரதி அழுகின்றாள். இறுதியில் இரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியுமாறு அவன் உயிர்ப்பிக்கப்படுகின்றான். கந்தபுராணத்துக் காமதகனப் படலமும் இவ்வமைப்பினையே கொண்டது. அங்கும் மன்மதன் விரும்பிப் போகவில்லை, பிரமனின் சாபத்துக்கு அஞ்சியே போகின்றான். யாழ்ப்பாணத்தில் இப்புராணம் கோயில் மண்டபங்களில் படித்துப் பயன் சொல்லப்பட்டது. 'கந்தபுராண கலாசாரம்' என்னும் தொடரே அங்கு வழக்கிலுண்டு. அதே புராணத்தின் ஒரு துண்டினைத் தோட்டத்து மக்கள் மண்டபத்திலிருந்து பொட்டலுக்கு எடுத்து வந்து கொளுத்தினர். உரை சொல்வோர் சிவனின் பெருமையை விரித்தனர். பொட்டலிலோ இரவு முழுவதும் நீள்வது எரிந்தவனின் கதையும் அவன் மனைவியின் அழுகையுமே.

இக்கதையில் ஏவியவர் எவரும் எரியவில்லை என்பதே எமது கவனத்துக்குரியது. ஏவல் மேலிருந்து வருகின்றது. வேலை ஆபத்தானது என்று ஏவப்பட்டவனுக்குத் தெரியும். மறுத்தால் தண்டனை, செய்தாலும் தண்டனை. செய்து முடித்தவன் அழிய, அவ்வேலையின் பயனை ஏவியோர் பெறுகின்றனர்: சிவன் மணம் புரிகின்றார், குமரன் பிறக்கின்றான், தேவர் மீள்கின்றனர். பெரட்டுக் களத்தில் நின்று காலைதோறும் வேலைக்குப் பிரிக்கப்பட்ட மக்கள், புராணங்கள் அத்தனையிலும் இதனைத் தேர்ந்து தமது ஆண்டுப் பெருவிழாவாக்கியது தற்செயல் என்று கொள்வதற்கில்லை. காமன் விழா தஞ்சை முதலிய தமிழகப் பகுதிகளிலிருந்து அவர்களோடு வந்தது என்பது உண்மையே. எரிந்தான், எரியவில்லை என்று இரு கட்சியாகப் பிரிந்து வாதிடும் லாவணி மரபும் அங்கு உண்டு. வந்தவற்றுள் எவை மங்கின, எவை வேரூன்றின என்பதை மண்ணே தீர்மானித்தது. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றுமே மலையகக் கூத்துகளுள் முதன்மை பெற்றன. மூன்றிலும் ஒரு கடும் வருத்தம் நடுவில் உள்ளது.

சப்பிரகமுவத் தோட்டங்களுக்குச் சில தனி இயல்புகள் உண்டு. நுவரெலியாவின் தேயிலைத் தோட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிடந்து தமிழ்ப் பேசும் ஒரு நிலப்பரப்பாகின்றன. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளிலோ தோட்டங்கள் சிங்களக் கிராமங்களிடையே சிதறிக் கிடக்கின்றன. தேயிலையோடு இறப்பரும் இங்கு பெரும் பயிர். இறப்பர் மரம் ஆண்டின் தொடக்க மாதங்களில் இலையுதிர்க்கும். அடர்ந்து இருண்டிருந்த தோட்டம் சில வாரங்களுக்கு வெளிறி வெறுமையாக நிற்கும். துளிர் விரியும் பருவத்தில் பால் குறையும்; பால்வெட்டும் குறையும். காமன் எரியும் மாசி, இவ்வெறுமையினதும் புதுத்துளிரினதும் இடையே வருகின்றது. இதனை நாம் குறியீடாக வலிந்து காட்ட விரும்பவில்லை. ஆயினும் பால்வெட்டும் தொழிலாளிக்கு அது வருவாய் மெலியும் காலம் என்பது குறியீடன்று; அவனது மாதச் சம்பளத்தில் எழுதப்படும் உண்மை.

பண்டிகைப் பொருளாதாரத்தையும் இங்கு தொட்டுச் செல்ல வேண்டும். தோட்டத்தில் உழைத்த நாளுக்கே 'பேர்' உண்டு. பேர் இல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை. தீபாவளிக்குத் தோட்ட நிர்வாகம் கொடுப்பது பரிசன்று, முற்பணம். அது பின்வரும் மாதச் சம்பளங்களில் தவணையாகக் கழிக்கப்படும். கடனில் தொடங்கிய குடியேற்றத்தின் தொடர்ச்சி இது. கங்காணியின் முற்பணத்தோடு கடல் கடந்தவர்களின் கடன் கணக்கு, 'துண்டு' என்னும் சீட்டாக ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு அவர்களைத் தொடர்ந்தது. அம்முறை 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. தேயிலைத் தூரடியில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள்கட்டியவர்கள் சொன்னதாக இன்றும் வழங்கும் கதையைச் சொல்வோர் சிரித்துக்கொண்டே சொல்வர். அச்சிரிப்பின் தன்மையை உணராதவர் காமன் கூத்தின் கோமாளியையும் உணரார்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன் கூறுவர்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவர். முதல் மூன்றும் உலகின் எத்திகிற்படத்திலும் காணக்கூடியவை. பேயும் கொடுவிலங்கும் கத்தியேந்திய அந்நியனும் இன்றி அவ்வகைப் படம் இல்லை. நான்காவதோ அச்சட்டகத்துள் அரிதாகவே புகும். தன்னை ஆள்பவனைக் கண்டு அஞ்சும் அச்சம் அது. காமன் கூத்தில் நான்காவதே முதலாவது. இந்திரன், பிரமன், சிவன் ஆகிய மேலோர் அனைவரும் ஏவுவோராகவோ எரிப்போராகவோ நிற்கின்றனர். பேயுருவுடைய பாத்திரங்கள் அவர்தம் கையாட்களாகவே வருகின்றன.

அவ்வுருவங்களில் வீரபத்திரன் தலையாயவன். தப்பின் அடி விரைய, கட்டுக்கடங்காத ஆவேசத்துடன் அவன் வருகின்றபோது சிறுவர் ஓடி ஒளிவர்; வளர்ந்தோரும் பின்வாங்குவர். வேடம் எங்கே முடிகின்றது, அருள் எங்கே தொடங்குகின்றது என்று பிரித்தறிய இயலாத அந்நிலை, திரையின் பாதுகாப்பான தூரத்தில் அமர்ந்தவனுக்கு எட்டாதது. 'ட்ரீவெஞ்' பார்ப்பவன் தன் இருக்கையில் உள்ளான். பொட்டலில் நிற்பவனோ ஆட்டத்தின் வழியில் நிற்கின்றான். இதனோடு கோமாளியும் குறவன் குறத்தியும் வருகின்றனர். பல தோட்டங்களில் எமனும் வருவதுண்டு. வீரபத்திரன் ஏற்படுத்திய நடுக்கம் அடங்குமுன் கோமாளியின் பரிகாசம் எழும். தோட்டத்து ஆட்களின் நடை, பேச்சு, பதவிச் செருக்கு ஆகியன அங்கு வாங்கிக் கட்டிக்கொள்ளும். மேடை நாடகத்தில் நகைச்சுவை 'இடைக்காட்சி'யாகத் தனித்து நிற்கும்; இங்கு அஃது அச்சத்தின் உள்ளிருந்தே எழுகின்றது. எமனுக்குச் சித்திரகுப்தனின் ஏடு உண்டென்பது புராணம். பேர்ப் பதிவேட்டினை நாள்தோறும் கண்டு பழகிய கூட்டத்துக்கு அவ்வேடு எதனை நினைவூட்டும் என்பதற்கு உரையாசிரியர் தேவையில்லை.

பின்னர் எரியூட்டல். அதன் பின் இரதியின் ஒப்பாரி. இரதி வேடம் மரபாக ஆணுக்கே உரியது. ஓர் ஆண் பெண்ணுடையில் நின்று கணவனை இழந்த பெண்ணின் அழுகையை அழ, சுற்றி நிற்கும் பெண்கள் தம் சொந்தச் சாவுகளுக்காக அழுவர். சில நாழிகைக்கு முன் அவ்விரதியின் ஒய்யாரத்தைக் கண்டு சிரித்தவர்களும் அவர்களே. நகையையும் அழுகையையும் பகைச்சுவைகளாகப் பிரித்த அணிநூலார் இக்காட்சியைக் கண்டிருப்பின் என்ன எழுதியிருப்பர் என்று எண்ணத் தோன்றுகின்றது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' (1983) போன்ற நூல்கள் இம்மக்களின் வாய்மொழி மரபைப் பாதுகாத்தன. ஆனால் தாளில் அச்சான ஒப்பாரி, பொட்டலில் அது பெறும் இந்த இரட்டை நிலையைத் தர இயலாது.

அயலிலும் ஓர் ஒப்புமை உண்டு. தென்னிலங்கைச் சிங்கள மக்களின் 'சன்னி யக்குமா' என்னும் பேயோட்டுச் சடங்கில், நோய் தரும் பேய்கள் முகமூடியணிந்து வந்து, மேளக்காரனோடு கொச்சையும் குறும்புமாக உரையாடி நகைப்புக்கிடமாகும். புரூஸ் கப்ஃபெரர் 1983இல் வெளியிட்ட நூலில், பேயின் ஆற்றல் முறிவதில் இச்சிரிப்புக்குப் பெரும்பங்கு உண்டென வாதிட்டார்; அஞ்சப்பட்டது ஒழுங்கினுள் தன் தாழ்ந்த இடத்துக்குத் திரும்புகின்றது என்பது அவர் கருத்தின் சாரம். இவ்வாய்வு காமன் கூத்துக்கு ஒரு பாதி பொருந்தும். மறுபாதி பொருந்தாது. சன்னியில் பேய் கீழிருந்து வருவது. சிரித்தால் அது கீழே போகும். காமன் கூத்தில் அச்சம் மேலிருந்து வருவது. சிரித்தாலும் அது மேலேயே இருக்கின்றது. விடிந்ததும் பெரட்டு உண்டு.

பக்தீன் காட்டிய களியாட்ட உலகத்தோடு ஒப்பிட்டு, இத்தகைய விழாக்களில் அடக்கப்பட்டோர் அதிகாரத்தைக் கவிழ்த்துப் பார்க்கின்றனர் எனப் புகழ்வதும், அதிகாரம் அனுமதித்த ஆவிப்போக்கியே இது எனப் பழிப்பதும் இன்று வழக்காகிவிட்டன. இரண்டுக்கும் ஆதாரம் காட்டலாம். தோட்டத்துரையின் அனுமதியும் கங்காணி, தலைவர்மாரின் செல்வாக்கும் இன்றி விழா நடந்ததில்லை. ஆனால் எழுத்தறிவும் வாக்குரிமையும் மறுக்கப்பட்ட மக்கள், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராகி, 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தினால் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டபோது, தம்மைப் பற்றித் தாமே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள அவர்களிடம் இருந்த வடிவங்களுள் இது ஒன்று. எட்டியாந்தோட்டை இடதுசாரி இயக்கத்தின் பழைய கோட்டை, என். எம். பெரேரா நெடுங்காலம் அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தார். அவர் நிதியமைச்சராக இருந்த 1970 - 1975 காலப்பகுதியுள்ளேதான் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. இடதுசாரி மேடை பேசாத சிலவற்றைக் காமன் பொட்டல் பேசிற்று என்று கூறினால் அது மிகையாகாது.

நெருப்பினைப் பற்றியும் கூறவேண்டும். 1977 ஓகஸ்டிலும் 1981 ஓகஸ்டிலும் 1983 யூலையிலும் சப்பிரகமுவத் தமிழர் தாக்கப்பட்டனர். 1981இல் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. லயங்கள் எரிந்தன, குடும்பங்கள் காடுகளில் ஒளிந்தன, பலர் வவுனியாவுக்கும் அப்பாலும் சென்றனர், திரும்பாதோரும் உளர். கிராமங்களிடையே சிதறிக் கிடந்த தோட்டங்களுக்கு இரவில் வரும் தீப்பந்தம் ஒரு நாடகப் பொருளன்று. அதன் பின்னரும் மாசியில் ஒரு கம்பம் நட்டு, அதற்குத் தாமே தீயிட்டு, எரிவதைச் சுற்றி நின்று பார்க்கும் மக்களின் மனநிலையை எவ்வாறு விளக்குவது? அச்சத்தைச் சடங்கால் வெல்லுதல் என்னும் உளவியல் விளக்கம் மேலோட்டமானது. தாம் இடும் நெருப்புக்கு ஒரு கதை உண்டு, நேரம் உண்டு, எரிந்தவனுக்காக அழ ஒருத்தி உண்டு; மற்ற நெருப்புக்கு இவை எவையும் இருக்கவில்லை. இவ்வேறுபாட்டிலிருந்தே விளக்கம் தொடங்க வேண்டும் என்பது எமது கருத்து.

கூத்தைப் புகழ்வதோடு நின்றுவிட்டால் அது விமர்சனமாகாது. தப்பு இன்றிக் காமன் இல்லை. ஆனால் தப்படித்தல் சாதியின் பெயரால் ஒரு சாராருக்கு ஒதுக்கப்பட்ட இழிதொழிலாகவே கருதப்பட்டு வந்தது. தேவரின் ஏவலை எள்ளும் கூத்து, தன் சொந்தப் பொட்டலில் ஏவல் செய்வோனை எங்கே நிறுத்திற்று என்பதைக் கேட்காமல் விடமுடியாது. பெண்ணின் துயரம் கூத்தின் உயிராக இருக்க, அதனை ஆடும் உரிமை பெண்ணுக்கு இல்லாதிருந்ததும் இத்தகையதே. படித்த இளைஞர் சிலர் தப்பினைக் கைக்கொள்ள மறுத்ததில் நியாயம் இருந்தது; இன்று வேறு சிலர் அதனையே எதிர்ப்பின் அடையாளமாக ஏந்துவதிலும் நியாயம் உண்டு.

பல்கலைக்கழகங்களும் தம் பங்கினை எண்ணிப் பார்க்க வேண்டும். பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றின் மூலம் ஈழத்துக் கூத்தினை நகர மேடைக்குக் கொணர்ந்தார். அப்பணியின் பெறுமதி ஐயத்துக்கிடமற்றது. அது மட்டக்களப்பு முதலிய பகுதிகளின் வடமோடி, தென்மோடி மரபுகளையே பெரிதும் சார்ந்திருந்தது. பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த மலைகளில் ஆண்டுதோறும் ஒலித்த தப்பு, அந்த ஆரவாரத்தில் உரிய செவியைப் பெறவில்லை. மலையகத்தாரே பின்னர் அப்பணியை மேற்கொள்ள வேண்டியிருந்தது.

இன்று காமன் கூத்து பாடசாலைப் போட்டிகளுக்கும் கலாசார விழாக்களுக்கும் உரிய 'நிகழ்ச்சி'யாகின்றது. பல நாட்கள் காப்புக் கட்டி நோற்று, ஓரிரவு முழுவதும் ஆடியது, ஒரு குறும்படத்தின் நீளத்துக்குள் அடக்கப்படுகின்றது. சுருக்கம் குற்றமன்று; 16 நிமிடத்தில் மரங்களின் வரலாற்றைச் சொன்ன படத்தை நாம் மேலே பாராட்டினோம். எது வெட்டப்படுகின்றது என்பதே வினா. முதலில் வெட்டப்படுவது கோமாளி. அவன் பேச்சு ஆபாசமாம். அடுத்து வீரபத்திரனின் ஆவேசம், மேடைக்கு ஒவ்வாதாம். எஞ்சுவது இரதியும் மதனும் வண்ண உடையில் ஆடும் ஓர் இனிய நடனம். மினுக்கம் சுற்றி வீட்டினுள் நிறுத்தப்பட்ட மரம் எமக்கு நினைவுக்கு வருகின்றது. சப்பிரகமுவவில் இதனோடு மற்றொரு வெட்டும் சேர்கின்றது. தமிழ்மொழிப் பாடசாலை எட்டாத் தொலைவில் உள்ள தோட்டங்களில் பிள்ளைகள் சிங்கள மொழிமூலம் கற்கின்றனர். அவர்களுக்கு இரதியின் ஆட்டம் விளங்கும், ஒப்பாரி விளங்காது. 'ட்ரீவெஞ்' மரங்களின் மொழிக்காவது திரையின் அடியில் எழுத்து இருந்தது.

மேடைச் சுருக்கத்தில் பெரும்பாலும் விடுபடும் இன்னொரு பகுதி உயிர்த்தெழல். மதன் எரிந்ததும் விளக்கணைத்து முடிப்பதே நாடக உத்திக்கு உகந்தது என்று கருதுகின்றனர் போலும். ஆனால் கதையின் கொடிய நகை அவ்விடத்திலேதான் உள்ளது. தேவருக்காக எல்லோரும் காண எரிந்தவன், இரதி ஒருத்தியின் கண்ணுக்கு மட்டுமே திரும்பக் கிடைக்கின்றான். நட்டஈடு வழங்கப்பட்டாயிற்று, வழங்கியதை வேறு எவரும் காணமுடியாது. 2016 மே மாதத்தில் புளத்கொஹுபிட்டியவின் களுப்பான தோட்டத்தில் மண்சரிவு லயத்தை மூடியபோதும், அதன் முன்னும் பின்னும் எத்தனையோ தடவைகள் வீடும் காணியும் அறிவிக்கப்பட்டபோதும், இம்மக்கள் கேட்ட வாக்குறுதிகளுக்கு இதைவிடப் பொருத்தமான புராணம் ஒன்றினை நாம் அறியோம். பொட்டலில் அக்காட்சி வரும்போது இரதி சிரிக்கின்றாள், எதிரே எவரும் இல்லை. சுற்றி நிற்போரும் சிரிக்கின்றனர்.